எங்கட ஊர்ப் பொம்பிளையள் செய்ததை எப்பிடித் தேடி எழுதி, எப்பிடிக் கொண்டாடுறது

மார்ச் 8 வந்தா திருகோணமலையில எந்தப் பக்கம் போனாலும் மகளிர் தினக் கூட்டம் நடக்கும், மங்கல விளக்கு ஏத்துவினம், பிள்ளையள் ஆடுவினம், நாலைஞ்சு அம்மாமாருக்குப் பொன்னாடை போத்தி போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடுவினம். கூட்டம் வைக்க வேணாம் என்டு நான் சொல்லேல்ல. ஆனா ஒரு கிழமை கழிச்சு அந்தக் கூட்டத்துக்குப் போன ஆக்களிட்ட, அந்த அம்மா என்ன செய்தவ, எந்த வருசம் செய்தவ, அவ செய்யாம விட்டிருந்தா ஊருக்கு என்ன இல்லாமல் போயிருக்கும் என்டு கேட்டுப் பாருங்கோ, ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. போத்தின சால்வையில இது ஒண்டும் எழுதியிருக்காது தானே. அதனால கொண்டாட்டத்துக்கு முதல் தேடி எழுதிற வேலை ஒண்டு இருக்கு, அதை எப்பிடிச் செய்யிறது என்டுதான் இதில சொல்லப்போறன். காசு பெரிசா வேணாம், ஒரு போனும் கொப்பியும் நேரமும் இருந்தாக் காணும்.

எங்கட டவுனில ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி இருக்கு, 1923இல தொடங்கினது, நூறு வருசம் தாண்டிட்டுது. அதைத் தொடங்கினவ தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ட ஒரு பொம்பிளை. பொம்பிளைப் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பவே சனம் யோசிச்ச காலத்தில அவ அந்தப் பிள்ளையளுக்கென்டே பள்ளிக்கூடம் ஒண்டை உண்டாக்கிட்டா. அந்த வாசலால தினமும் போய்வாற ஆக்களில எத்தினை பேருக்கு அவட பேர் தெரியும் என்டு நீங்களே விசாரிச்சுப் பாருங்கோ. இதே ஊரில இருந்து ந. பாலேஸ்வரி டீச்சர் 1960களில இருந்து நாவலுகள் எழுதினவ, ஈழத்தில நாவல் எழுதின பொம்பிளையளை எண்ணினா அவவை விட்டுட்டு எண்ணேலாது. அச்சில பேர் வந்த இவைக்கே இந்த நிலைமை என்டா, அச்சிலயே வராத மருத்துவிச்சி அம்மம்மா, சங்கம் நடத்தின மாமி, அகதி முகாமில நூறு பேருக்குச் சமைச்சுப் போட்ட அக்கா எல்லாரும் எங்க போய் நிப்பினம்?

ஆரைப் பற்றி எழுதிறது

ஒரேயொராளை எடுங்கோ. "திருகோணமலைப் பெண்கள்" என்டு பெரிய தலைப்பைப் போட்டுத் தொடங்கினா அது ஒருநாளும் முடியாது, முடிஞ்சாலும் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு வரிதான் கிடைக்கும். ஒராளைப் பிடிச்சு முழுசாச் செய்யுங்கோ, அதுக்குப் பிறகு அடுத்த ஆள்.

பட்டம் வாங்கின ஆள், பதவியில இருந்த ஆள் என்டு தேடாம, "இது ஆர் தொடங்கினது?" என்டு இடத்தைப் பார்த்துக் கேளுங்கோ. உங்கட ஊர் முன்பள்ளியை ஆர் தொடங்கினது? ஆஸ்பத்திரி தூரமா இருந்த காலத்தில ஆற்ற கையில பிள்ளையள் பிறந்தது? தம்பலகாமத்தில நாத்து நடுகைக்கு ஆளுகளைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது ஆர், கூலி கேட்டு முதலாளியோட கதைச்சது ஆர்? கிண்ணியாப் பக்கம் மட்டி எடுத்து வித்துப் பிள்ளையளைப் படிப்பிச்ச உம்மா ஆர்? கரவலைக்காரரிட்ட மீனை வாங்கிக் கருவாடு போட்டு, சீட்டுப் பிடிச்சு, அந்தச் சீட்டுக் காசில கன வீட்டுக்கு அடுப்பெரிய வைச்சது ஆர்? இப்பிடிக் கேட்டா ஒவ்வொரு தெருவிலயும் ஒரு பேர் வந்து விழும். வயசு போன ஆள் என்டா முதல்ல அவவிட்டப் போங்கோ, இளம் ஆக்களுக்குப் பிறகும் நேரம் இருக்கு.

மாதர் சங்கத்து ஆக்களையும் விட்டுடாதீங்கோ. இலங்கையில கிராமம் கிராமமா மாதர் சங்கம் வந்ததுக்கே பின்னால ஒரு மனுசி இருக்கிறா, டொக்டர் மேரி ரட்ணம், கனடாவில பிறந்து 1896இல டொக்டரா இங்க வந்து, ஒரு தமிழரைக் கலியாணம் முடிச்சு, 1930இல லங்கா மகிள சமித்தியைத் தொடங்கினவ, 1958இல மக்சேசே விருதும் கிடைச்சது. அவவைப் பற்றி எழுத ஆக்கள் இருந்தவை. உங்கட ஊர்ச் சங்கத்தில பொருளாளரா இருந்து ஒவ்வொரு சதத்தையும் கொப்பியில எழுதினவவைப் பற்றி எழுத உங்களை விட்டா ஆள் இல்லை.

முதல் வேலை அவட சொந்தப் பேர்

இதை நான் அழுத்திச் சொல்லுவன். எங்கட ஆக்கள் கன பேர் பதிவுகளில "திருமதி" போட்டுப் புருசன்ட பேரிலதான் இருக்கினம். கூட்ட அறிக்கையில திருமதி இன்னார், கோயில் கல்லில "உபயம்: இன்னாரும் குடும்பமும்", ஊரில கேட்டா "பெரிய டீச்சர்", "மணியத்தாற்ற மனுசி", "ஹாஜியார் வீட்டு உம்மா". நகையை வித்துக் கோயில் மணிக்குக் காசு குடுத்தது அந்த மனுசியா இருக்கும், மணியில வெட்டியிருக்கிற பேர் வேறயா இருக்கும். அதனால அவட முழுப்பேர், தகப்பன்ட பேர், தாயின்ட பேர், பிறந்த ஊர், கலியாணத்துக்கு முதல் எந்தப் பேரில இருந்தவ, வீட்டில கூப்பிட்ட பேர் எல்லாத்தையும் முதல் பக்கத்திலயே எழுதுங்கோ. அவ இப்ப இல்லை என்டா பிள்ளையளிட பிறப்புச் சான்றிதழைப் பாருங்கோ, அதில தாயின்ட முழுப்பேர் இருக்கும். கலியாணப் பதிவையும் பார்க்கலாம், ஆனா அதில பொம்பிளையின்ட தொழில் என்ட இடத்தில வெறும் கோடு இருந்தா அதை நம்பி "வேலை செய்யாதவ" என்டு எழுதிப்போடாதீங்கோ, விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குக் குடுத்தவவுக்கும் அந்தக் கோடுதான் போட்டிருப்பினம்.

போய்க் கதைக்கிறது

சமையல் நேரத்தில போகாதீங்கோ. பின்னேரம் மூண்டு நாலு மணிக்குப் பிறகு வேலை ஓய்ஞ்சிருக்கும், முஸ்லிம் வீடுகள் என்டா அஸர் தொழுகைக்குப் பிறகு கேட்டுட்டுப் போங்கோ. ஏலுமென்டா கதைக்கப்போற ஆளும் ஒரு பொம்பிளையா இருக்கட்டும். அந்த வீட்டை வந்துபோற, அவவை "அம்மம்மா", "உம்மம்மா", "பெரியம்மா" என்டு கூப்பிடுற உரிமை உள்ள பிள்ளை ஒண்டு பக்கத்தில இருந்தா இன்னும் நல்லம். புருசனோ மகனோ பக்கத்தில இருந்து அவவுக்குப் பதிலா மறுமொழி சொல்லத் தொடங்கினா, அதையும் மரியாதையாக் கேட்டுட்டு, பிறகு குசினிப் பக்கம் போய் அவவோட தனியக் கதையுங்கோ, மரக்கறி வெட்டிக் குடுத்துக்கொண்டு கதைச்சாலும் சரி, கன நல்ல கதையள் குசினியிலதான் வரும்.

"நீங்க என்ன சாதிச்சனீங்க?" என்டு மட்டும் கேட்காதீங்கோ. எந்த அம்மாவும் "நான் என்னத்தைச் செய்தன் பிள்ளை, எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தன்" என்டுதான் சொல்லுவா, அதோட கதை முடிஞ்சுபோகும். வேலையைக் கேளுங்கோ. விடிய எத்தினை மணிக்கு எழும்புவீங்க, முதல் சம்பளம் எவ்வளவு, அதில என்ன வாங்கினீங்க, இந்த வேலையை ஆரிட்டப் படிச்சனீங்க, பிறகு ஆருக்குப் பழக்கினீங்க, ஆர் வேணாமென்டு மறிச்சது, மறிச்சும் எப்பிடிப் போனீங்க. மருத்துவிச்சி என்டா இரவில எப்பிடிப் போனவ, வள்ளத்திலயா வண்டிலிலயா, என்ன கொண்டு போனவ, தாய்க்கு என்ன குடுத்தவ, சிக்கலான பிரசவம் என்டு எதை வைச்சுக் கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவ. அந்த அறிவுதான் அவட சாதனை. அதை "சேவை" என்ட ஒரு சொல்லுக்குள்ள போட்டு மூடிடாதீங்கோ, அது படிச்சுப் பழகி வந்த தொழில்.

பாட்டுத் தெரியுமா என்டு கட்டாயம் கேளுங்கோ. தாலாட்டு, ஒப்பாரி, நாத்து நடேக்க பாடினது, எல்லாம் அவையளே கட்டினதா இருக்கும். மலையகத்தில மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தொழிற்சங்கக் கூட்டங்களில தானே பாட்டுக் கட்டிப் பாடித்தான் தோட்டத் தொழிலாளரைச் சேர்த்தவ, அது அச்சிலயும் வந்தபடியால இண்டைக்கு எங்களுக்குத் தெரியுது. உங்கட அப்பம்மாட பாட்டு ஒரு ரெக்கோர்டிங்கில மட்டும்தான் மிஞ்சப்போகுது.

போனில ரெக்கோர்ட் பண்ணேக்க பேன் ஓடினா நிப்பாட்டுங்கோ, போனை பிளைட் மோட்டில போடுங்கோ, இல்லாட்டி நடுவில கோல் வந்து ரெக்கோர்டிங் நிண்டுடும். தொடங்கேக்க திகதி, இடம், கதைக்கிற ஆளிட பேர் மூண்டையும் வாயால சொல்லுங்கோ. அவ களைச்சா நிப்பாட்டிட்டு இன்னொரு நாள் போங்கோ. ரெண்டாந்தரம் போகேக்கதான் உண்மையில விசயம் வரும், ஏனென்டா நீங்க போனபிறகு அவ இரவிரவா யோசிச்சு வைச்சிருப்பா.

வருசம் பிடிக்கிறது

வயசான ஆக்களிட்ட "எந்த வருசம்?" என்டு கேட்டா மறுமொழி வராது, வந்தாலும் பிழைக்கும். எங்கட ஊர் பட்ட அடியளை வைச்சுக் கேளுங்கோ, சரியா வந்து நிக்கும். யப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9, அப்ப நீங்க பிறந்திட்டீங்களா? வெள்ளைக்காரன் நேவித் தளத்தை விட்டுட்டுப் போனது 1957, அதுக்கு முதலா பிறகா கலியாணம்? சூறாவளி அடிச்சது 1964 டிசம்பர், நத்தாருக்குக் கொஞ்சம் முதல், அப்ப எத்தினை பிள்ளையள்? ஸ்ரீமாவோ காலத்தில பாணுக்கு வரிசையில நிண்டது 1970களின்ட முதல் பாதி. 83 கலவரம், 90 இடம்பெயர்வு, 2004 சுனாமி, 2006இல மூதூர், சம்பூர் சனம் வெளிக்கிட்டது. இதுகளுக்கு நடுவில அவட வாழ்க்கையை வைச்சுக்கொண்டு போனா ரெண்டு வருசத்துக்குள்ள கணக்கு வந்துடும். "சுனாமிக்கு முதல் வருசம் மூத்தவனுக்குக் கலியாணம், அதுக்கு முதல் வருசம்தான் கடை போட்டனான்" என்டா 2002 என்டு எழுதலாம், பக்கத்தில "ஏறத்தாழ" என்டும் எழுதுங்கோ.

பேப்பரில தேடுறது

எங்கட சனத்திட்ட ஒரு நல்ல பழக்கம் இருக்கு, ஆள் செத்து ஒரு மாசத்தில செய்யிற அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறது, பழைய ஆக்கள் கல்வெட்டு என்டு சொல்லுவினம். அதில பிறப்பு, கலியாணம், பிள்ளையள், வம்சம் எல்லாம் வரும், சிலது பாட்டு வடிவிலயும் வரும். பொம்பிளையளைப் பற்றி அச்சில கிடக்கிற கன விசயம் அதிலதான் இருக்கு, அதனால வீடு வீடா அலுமாரிக்குள்ள, சாமியறைத் தட்டில கிடக்கிற மலருகளைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுங்கோ. அடுத்தது பள்ளிக்கூடம். அதிபரிட்டக் கேட்டு அனுமதி வாங்கினா சம்பவத்திரட்டுப் புத்தகமும் பழைய சேர்வு இடாப்பும் பார்க்கலாம், எந்த டீச்சர் எந்தத் திகதியில வந்தவ, எப்ப மாறிப்போனவ, வெள்ளம் வந்த கிழமை ஆர் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைச்சது எல்லாம் அதில இருக்கும். மாதர் சங்கக் கூட்ட அறிக்கை, கூட்டுறவுக் கடைக் கொப்பி, ஆண்டு விழா மலர், பழைய பேப்பர் வெட்டு எதையும் தள்ளி வைக்காதீங்கோ. வீரகேசரி 1930இல இருந்து வருது, தினகரன் 1932இல இருந்து, பழைய பிரதியள் கொழும்பு 7இல இருக்கிற தேசிய சுவடிகள் கூடத்தில தேடலாம், போக முதல் கோல் எடுத்துக் கேட்டுட்டுப் போங்கோ.

பழைய போட்டோ என்டா பின்பக்கத்தையும் எடுங்கோ, ஸ்டூடியோ சீல், கையெழுத்து, திகதி எல்லாம் பின்னாலதான் கிடக்கும். போட்டோவில நிக்கிற எல்லாற்ற பேரையும் இடமிருந்து வலமா அண்டைக்கே கேட்டு எழுதுங்கோ. வட்சப்பில அனுப்பேக்க போட்டோவா அனுப்பினா தெளிவு குறைஞ்சிடும், டொக்குமென்டா அனுப்புங்கோ.

சரி பார்க்காமல் போடாதீங்கோ

அன்பில எழுதினாலும் பிழை பிழைதான், ஒரு பிழை பிடிபட்டா மிச்சம் எல்லாத்தையும் சனம் நம்பாது. "முதல் பெண்" என்டு எழுத முதல் மூண்டு தரம் பாருங்கோ. நேசம் சரவணமுத்துவை அரசாங்க சபைக்கு, அதாவது வெள்ளைக்காரன் காலத்து நாடாளுமன்றத்துக்கு, போன முதல் பெண் என்டு எழுதினா அது பிழை. 1931இல ருவன்வெல்லையில தெரிவான அடலின் மொலமூறேதான் முதல், நேசம் 1932இல கொழும்பு வடக்கில வென்ற ரெண்டாவது பெண், முதல் தமிழ்ப் பெண். புருசன்ட தெரிவு செல்லாது என்டு போனபிறகு அந்தத் தொகுதியில நிண்டு வென்று, 1936இலயும் வென்று, 1941இல சாகும் வரைக்கும் அந்தச் சபையில இருந்தவ. சரியான விசயமே இவ்வளவு பெரிசா இருக்கேக்க கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை.

இன்னொண்டு எங்கட கோணேசர் மலையிலயே இருக்கு. அங்க 1687ஆம் ஆண்டுத் தூண் ஒண்டு நிக்குது, பிரான்சினா வான் றீட் என்ட ஒல்லாந்துப் பிள்ளை காதலன் கப்பலேறிப் போன துக்கத்தில அந்த மலையில இருந்து கடலுக்குள்ள குதிச்சவ என்டுதான் வாற ஆக்களுக்கெல்லாம் கதை சொல்லுறது. ஆவணங்களைப் பார்த்த ஆக்கள் அவ அதுக்குப் பிறகும் இருந்து கலியாணம் முடிச்சவ என்டு எழுதியிருக்கினம். இவ்வளவு காலமா ஒரு பொம்பிளையை அவ செய்யாத ஒண்டுக்காக மட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறம், அது எனக்கு உண்மையிலயே கவலையான விசயம். அதனால ஒரு விசயத்தை ரெண்டு பேர் தனித்தனியாச் சொல்லோணும், இல்லாட்டி ஒரு பேப்பராவது இருக்கோணும், இரண்டும் இல்லை என்டா "அவ சொன்னது" என்டு அப்பிடியே எழுதுங்கோ.

எதை வெளியில விடக்கூடாது

இது எங்கட மாவட்டம், ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு காயம் இருக்கு. காணாமல் போன ஆக்களைப் பற்றியோ முகாமில நடந்ததைப் பற்றியோ அவ அழுதழுது சொல்லிட்டா, அது உங்களை நம்பிச் சொன்னது, பேஸ்புக்குக்குச் சொன்னதில்லை. கையைக் காட்டினா உடன ரெக்கோர்டரை நிப்பாட்டுங்கோ. எழுதினதை அவவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டுங்கோ, கண் தெரியாட்டி ரெண்டு தரம் வாசிங்கோ, "இதை எடு" என்டா ஏன் என்டு கேட்காம எடுங்கோ. முகம் வரக்கூடாது என்டு சொல்லுற ஆக்கள் இருப்பினம், முஸ்லிம் வீடுகளில கூடுதலா இருப்பினம், அப்ப அவ பின்னின பாய், பாவிச்ச தராசு, எழுதின கணக்குக் கொப்பி, இதுகளைப் போட்டோ எடுத்தாலே காணும். பேரே வேணாம் என்டா பேர் இல்லாமலே எழுதலாம், ஆனா பேரோட ஒரு பிரதி அந்த வீட்டில இருக்கட்டும்.

எழுதி வைக்கிறது

"சமூகத்துக்கு அளப்பரிய சேவையாற்றிய அன்பும் பண்பும் நிறைந்தவர்" என்ட வரியை ஆருக்கு வேணுமென்டாலும் போடலாம், அதனால அது ஒருத்தரையும் பற்றினதில்லை. உதாரணத்துக்கு இப்பிடி எழுதலாம்: "சூறாவளியில பள்ளிக்கூடக் கூரை போனபிறகு தன்ட விறாந்தையில ரெண்டு மாசம் வகுப்பு நடத்தினா, கரும்பலகைக்குப் பதிலாக் கதவில கரி பூசி எழுதினா, அந்த வகுப்பில இருந்த பிள்ளையளில மூண்டு பேர் பிறகு டீச்சராயினம்." என்ன செய்தா, எப்ப, எங்க, அதால என்ன நடந்தது, இவ்வளவும் வந்தாப் பாராட்டுச் சொல் ஒண்டும் தேவைப்படாது. நீங்க கதைக்கிற தமிழிலயே எழுதுங்கோ, அவ சொன்ன வசனத்தைத் திருத்தாதீங்கோ. ரெண்டு பக்கத்துக்குள்ள முடிஞ்சா நல்லம், ரெக்கோர்டிங்கை முழுசா வேறயா வைச்சிருங்கோ.

எழுதினதை எங்க வைக்கிறது என்டதும் முக்கியம். பேஸ்புக்கில போட்டா மூண்டு நாளில கீழ போயிடும். 2005இல தொடங்கின நூலகம் என்ட எண்ணிம நூலகம் இருக்கு, இலங்கைத் தமிழ் ஆக்களிட பழைய புத்தகம், நினைவு மலர், பாடசாலை மலர் எல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா வைச்சிருக்கினம், அவையிட ஆவணகம் பக்கத்தில குரல் பதிவு, போட்டோவும் வைக்கினம், தொடர்பு கொண்டு குடுங்கோ. தமிழ் விக்கிப்பீடியாவில கட்டுரை போட விரும்பினா அங்க வாய்மொழி மட்டும் காணாது, அச்சில வந்த ஆதாரம் கேப்பினம், அதனால முதல்ல ஒரு பத்திரிகையிலயோ பாடசாலை மலரிலயோ கட்டுரையா வரப் பண்ணுங்கோ, பிறகு அதைக் காட்டி எழுதலாம். ஊர் பொது நூலகத்துக்கு ஒரு பிரின்ட், பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு. ரெக்கோர்டிங் பைலுக்கு திகதி, ஊர், பேர் போட்டு ரெண்டு இடத்தில சேவ் பண்ணுங்கோ, போன் கடலுக்குள்ள விழுந்தாலும் மற்றது இருக்கும்.

இனிக் கொண்டாட்டம்

மார்ச் 8க்குத்தான் வைக்கோணும் என்டு இல்லை. பள்ளிக்கூடத்தின்ட ஆண்டு விழா, சரஸ்வதி பூசை, சங்கத்தின்ட பொதுக் கூட்டம், இறந்த ஆள் என்டா அவட திவசம், அண்டைக்கு எப்பிடியும் சொந்தம் முழுக்க வரும், சாப்பாட்டுக்கு முதல் பேரப்பிள்ளை ஒண்டு அந்த ரெண்டு பக்கத்தையும் எழும்பி வாசிச்சா அதுவே பெரிய விழா. உயிரோட இருக்கிற ஆள் என்டா முதல்ல அவவிட்டக் கேளுங்கோ, உங்களுக்கு எப்பிடி வேணும் என்டு. சிலர் மேடை வேணாம் என்டுவினம், தான் பிரசவம் பார்த்த பிள்ளையளை ஒரு நாள் ஒண்டா இருத்திப் பார்க்க ஆசை என்டுவினம். அதைச் செய்து குடுங்கோ.

மேடை போட்டா அவ வேலை செய்த இடத்திலயே போடுங்கோ, முன்பள்ளி விறாந்தையோ கடற்கரை மீன் வாடியடியோ. அதிதி ஆக்கள் கதைச்சு முடிய நேரம் போயிடும், அதனால முதல் பேச்சே அவடதா இருக்கட்டும், அதிதிமார் பிறகு கதைக்கட்டும். அவவிட்டத் தொழில் பழகின ஆக்களைக் கூப்பிட்டு "நான் இவவிட்ட இதைப் படிச்சன்" என்டு ஒவ்வொரு வரி சொல்லச் சொல்லுங்கோ. அண்டைக்கு அவவைச் சமைக்க விடாதீங்கோ, தேத்தண்ணி ஊத்திறதும் வேற ஆக்கள்தான், வீட்டு ஆம்பிளையளிட்ட முதலே சொல்லி வையுங்கோ. மாலைக்குக் குடுக்கிற காசில பாதியை எடுத்து அந்த இடத்தில ஒரு சின்னப் பலகை போடலாம், அவட சொந்தப் பேர், செய்த வேலை, வருசம் மூண்டும் வரோணும். வருசா வருசம் பள்ளிக்கூடத்தில ஒரு பரிசுக்கு அவட பேர் வைக்க ஏலுமா என்டு அதிபரிட்டக் கேட்டுப் பாருங்கோ, சின்னப் பரிசா இருந்தாலும் வருசத்துக்கு ஒருக்கா மைக்கில அந்தப் பேர் வரும்.

எல்லாம் முடிய பிரின்ட் எடுத்த பிரதியைக் கொண்டுபோய் அவட கையில குடுத்து, "அம்மம்மா, உங்களோட சேர்ந்து வேலை செய்த ஆக்களில ஆரைப் பற்றி அடுத்ததா எழுதிறது?" என்டு கேளுங்கோ. பேரும் சொல்லுவா, வீடு எந்த ஒழுங்கையில எண்டும் சொல்லுவா, கொப்பியில அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டு வாங்கோ.